கடை வாசலில் நின்ற காலம்: புதுக்கோட்டைக் கடைகளும் நம்ம பெண்களும்



புதுக்கோட்டை வரலாறு என்று யார் எழுத உட்கார்ந்தாலும் தொண்டைமான் அரண்மனையில்தான் தொடங்குவார்கள். அப்புறம் சித்தன்னவாசல் ஓவியம், குடுமியான்மலை இசைக் கல்வெட்டு, திருமயம் கோட்டை என்று போகும். எல்லாம் நமக்குப் பெருமைதான், சந்தேகமே இல்லை. ஆனா நம்ம குழுக் கூட்டம் முடிஞ்சு, தீர்மான நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடிக்கிற நேரத்தில் பழைய பேச்சு எடுத்தால், அரண்மனையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. "அந்த முக்கத்துல ஒரு காபிக் கடை இருந்துச்சே, ஞாபகம் இருக்கா?", "வாடகை சைக்கிள் கடை இருந்த எடத்துல இப்ப செல்போன் கடை வந்துருச்சுக்கா" என்றுதான் பேச்சு போகிறது. கூட்டமைப்பு மலருக்கு ஏதாவது எழுதச் சொன்னார்கள். அந்தப் பேச்சையே எழுதலாம் என்று நினைத்தேன். கடைகளின் வரலாற்றில் நம்ம வரலாறும் இருக்கிறது. அதை நாம் எழுதாவிட்டால் யாரும் எழுத மாட்டார்கள்.

காசிலிருந்து தொடங்குவோம்

கடைக்குப் போவதற்குக் காசு வேண்டும். நம்ம ஊருக்கென்றே தனிக் காசு இருந்தது. அம்மன் காசு என்று பெயர். ஒரு பக்கம் பிரகதாம்பாள் உருவம், மறுபக்கம் தெலுங்கு எழுத்தில் 'விஜய' என்று இருக்கும். சின்னஞ்சிறு செப்புக் காசு. இருபது அம்மன் காசு சேர்ந்தால் ஒரு அணா. அப்படியென்றால் ஒரு ரூபாய்க்கு 320 காசு. நவராத்திரியில் ஏழைகளுக்கு அரிசியோடு சேர்த்து இந்தக் காசையும் அரண்மனையில் கொடுத்தார்கள். எங்கள் அம்மாயி காலத்துப் பெண்களுக்குக் கையில் கிடைத்த சொந்தக் காசு பெரும்பாலும் இதுதான்.

1948 மார்ச் 3-ஆம் தேதி புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது. திருச்சி மாவட்டத்தின் ஒரு பகுதியானோம். 1957 ஏப்ரலில் நயா பைசா வந்தது. அடுத்த வருஷத்திலிருந்து வீசை, பலம் போய்க் கிலோ, கிராம் வரத் தொடங்கியது. சட்டம் ஒரே நாளில் மாறும், கடை அப்படி மாறாது. ரொம்ப காலம் வரைக்கும் "அரைக்காப்படி துவரம் பருப்பு, ஒரு ஆழாக்கு நல்லெண்ணெய்" என்றுதான் மளிகைக் கடையில் கேட்டார்கள். எங்கள் அம்மாயி கடைசி வரை இருபத்தைந்து காசை நாலணா என்றே சொன்னார். கடைக்காரரும் "சரி ஆத்தா, நாலணாவே குடு" என்பார்.

1974 ஜனவரி 14-ஆம் தேதி, பொங்கலன்று, புதுக்கோட்டை தனி மாவட்டமானது. ராஜகோபாலத் தொண்டைமான் குடியிருந்த புது அரண்மனை மாவட்ட ஆட்சியர் அலுவலகம் ஆனது. இன்றைக்கு நாம் மனு எடுத்துக்கொண்டு போகிற அதே கட்டடம்தான். மாவட்டத் தலைநகரம் என்றதும் ஆலங்குடி, கந்தர்வகோட்டை, அறந்தாங்கி, பொன்னமராவதி எனப் பல பக்கத்திலிருந்தும் சனங்கள் வேலையாக வந்தார்கள். வந்தவர்களுக்குக் காபி வேண்டும், சாப்பாடு வேண்டும். கடைகள் பெருகின.

சதுரமான ஊர்

வெளியூர்க்காரர்கள் நம்ம ஊரைப் பார்த்து முதலில் சொல்வது, "தெருவெல்லாம் ஸ்கேல் வச்சுப் போட்ட மாதிரி இருக்கே" என்பதுதான். நடுவில் பழைய அரண்மனை இருந்த இடம். அதைச் சுற்றிக் கீழ ராஜ வீதி, மேல ராஜ வீதி, வடக்கு ராஜ வீதி, தெற்கு ராஜ வீதி. அதற்கு வெளியே இரண்டாம் வீதி, மூன்றாம் வீதி, நான்காம் வீதி என்று அடுக்கடுக்காகப் போகும். 1878-இல் இங்கே திவானாக வந்து, பிறகு 1894 வரை திவான் ரீஜண்டாகவும் இருந்த சேஷையா சாஸ்திரி காலத்தில் தெருக்களும் குளங்களும் பொதுக் கட்டடங்களும் செம்மையாயின. இப்படிப்பட்ட ஊரில் வழி சொல்வது சுலபம் என்று நினைப்பீர்கள். ஆனா நாங்க வீதிப் பெயர் சொல்லி வழி சொன்னதே இல்லை. "பாத்திரக் கடைக்கு எதுத்தாப்ல", "காபித்தூள் அரைக்கிற வாசனை வரும் பாரு, அங்கன திரும்பு" என்றுதான் சொல்வோம். கடைதான் எங்களுக்குத் தெருப்பலகை.

வெள்ளிக்கிழமை சந்தைப்பேட்டையில் ஆடு வாங்க, விற்க வருகிற கூட்டம் விடியற்காலையிலேயே சேர்ந்துவிடும். அன்றைக்கு டீக்கடைகளில் பாய்லர் அணையாது. கிராமத்துப் பெண்கள் ஆட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். விலை பேசுவது அண்ணனோ வீட்டுக்காரரோ. ஆடு வளர்த்தது அவள், தழை ஒடித்துப் போட்டது அவள். ஆனால் துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசுவது ஆம்பளைங்க வேலை.

பெஞ்சு யாருடையது?

பழைய டீக்கடையை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அந்த மரப்பெஞ்சு. முன்னால் நீளமாக ஒரு பெஞ்சு, அதில் காலையில் வந்த தினத்தந்தி நாலு துண்டாகப் பிரிந்து நாலு பேர் கையில் இருக்கும். கண்ணாடி போட்ட அலமாரியில் பொறை, வர்க்கி, பன். சாயங்காலம் என்றால் மசால் வடை. மாஸ்டர் டீயைத் தலைக்கு மேலே தூக்கி ஆற்றுவதைப் பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நிற்போம்.

அந்தப் பெஞ்சில் பெண்கள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. காய்ச்சல்காரருக்கு டீ வேண்டும் என்றாலும், நாத்து நடுகிற ஆட்களுக்கு டீ வேண்டும் என்றாலும், தூக்குவாளியைக் கொண்டுபோய் ஓரமாக நின்று வாங்கி வர வேண்டும். "ஏ புள்ள, தள்ளி நில்லு, சுடுதண்ணி தெறிக்கும்" என்பார் மாஸ்டர். அவர் நல்லவர்தான். தெறிக்கும் என்பதும் நிஜம்தான். ஆனாலும் பெஞ்சில் இருந்த ஆண்களை யாரும் தள்ளி உட்காரச் சொன்னதில்லை.

கொஞ்சம் பெரிய ஓட்டல்களில் பெண்களுக்கு ஏற்பாடு இருந்தது. 'ஃபேமிலி ரூம்' என்று பலகை தொங்கும். திரை போட்ட ஒரு சின்ன அறை. கல்யாணத்துக்குச் சேலை எடுக்க வந்தால், ஜவுளிக் கடைப் பையோடு அந்தத் திரைக்குள் போய் உட்கார்ந்து இட்லியோ பூரியோ சாப்பிடுவோம். கூட ஒரு ஆண் இருக்க வேண்டும் என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை. ஆனால் தனியாக ஒரு பெண் போனால் சர்வர் "கூட யாரும் வரலியா?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்குப் பயந்தே பல பெண்கள் பசியோடு பஸ் ஏறினார்கள்.

இதே ஊரில் 1886-இல் பிறந்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. பையன்கள் மட்டும் படித்த மன்னர் கல்லூரியில் அவர் சேர வந்தபோது எதிர்ப்பு வந்தது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அனுமதி கொடுத்ததால் படித்தார். பின்னாளில் சென்னைச் சட்டமன்றத்தின் துணைத் தலைவராகவும் ஆனார், அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை அமையவும் காரணமாக இருந்தார். அவ்வளவு பெரிய கதவை ஒரு பெண் அன்றைக்கே திறந்துவிட்ட ஊரில், டீக்கடைப் பெஞ்சு என்ற சின்ன இடம் திறக்க இத்தனை வருஷமானது. படிப்புக்குக் கதவைத் திறக்க மன்னர் உத்தரவு போட்டார். பெஞ்சுக்கு யார் உத்தரவு போடுவது?

இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் இது வரலாறு ஆகாது. பெண்களைப் போலவே, சில சாதிக்காரர்களையும் பல கிராமத்து டீக்கடைகள் வெளியே நிறுத்தின. அவர்களுக்கு வேறு டம்ளர், குடித்ததும் தானே கழுவி வைக்க வேண்டும். அதெல்லாம் பழைய கதை என்று சொல்ல எனக்கு ஆசைதான். ஆனால் 2022 டிசம்பரில், வேங்கைவயல் குடிநீர்த் தொட்டியில் நடந்த கொடுமையை விசாரிக்கப் போன மாவட்ட ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் பக்கத்தில் இறையூரில் ஒரு டீக்கடையில் இரட்டைக் குவளை இருந்ததைக் கண்டு வழக்குப் பதிய வைத்தார்கள். அந்த இரண்டு அதிகாரிகளும் பெண்கள். "அந்தக் காலத்து டீக்கடை மாதிரி வருமா?" என்று நாம் ஏங்கும்போது, அந்த டீக்கடையில் யார் எங்கே நின்றார்கள் என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

பற்று நோட்டு

மளிகைக் கடைக்கு வருவோம். நீளமான நோட்டு, மேலே நூல் கட்டிய பென்சில். வீட்டுப் பெயர் போட்டு ஒரு பக்கம். அரிசி, புளி, மிளகாய், மண்ணெண்ணெய், சீயக்காய் எல்லாம் அதில் ஏறும். வாங்குவது நாம், கணக்கு இருப்பது வீட்டுக்காரர் பெயரில். அறுவடை முடிந்ததும் அவர் போய் அடைப்பார். வானம் பொய்த்த வருஷம் பாக்கி அடுத்த நோட்டுக்குப் போகும். நம்ம மாவட்டம் கண்மாயை நம்பின சீமை. கண்மாய் நிரம்பாத வருஷத்தில் எத்தனை வீட்டு அடுப்பை அந்த நோட்டு எரிய வைத்தது என்பதை மறக்கக் கூடாது. நகை கேட்கவில்லை, ஜாமீன் கேட்கவில்லை. முகம் தெரியும், அது போதும்.

அதே நோட்டு நம்மைக் கட்டியும் போட்டது. பாக்கி இருக்கும்போது வேறு கடைக்குப் போக முடியாது. அரிசியில் கல் கிடந்தாலும் கேட்க முடியாது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு நோட்டில் என்ன ஏறியது என்பதும் தெரியாது. எங்கள் அம்மாயி அடுப்படிச் சுவரில் கரியால் கோடு போட்டு வைப்பார், கடையில் கடனுக்கு வாங்கிய நாளுக்கு ஒரு கோடு. அந்தச் சுவர்தான் எங்கள் வீட்டின் முதல் கணக்குப் புத்தகம். பொங்கலுக்கு வெள்ளை அடிக்கும்போதுகூட அந்த மூலையை விட்டுவிடச் சொல்வார்.

வாடகை சைக்கிள் கடை

நம்ம மாவட்டக் கடைகளிலேயே உலகம் முழுக்கப் பேர் வாங்கியது எது என்று கேட்டால், நான் வாடகை சைக்கிள் கடையைச் சொல்வேன். மட்கார்டில் நம்பர் எழுதிய சைக்கிள்கள் வரிசையாக நிற்கும். பெரிய வண்டி, முக்கால் வண்டி, அரை வண்டி என்று அளவு உண்டு. தண்ணித் தொட்டியில் டியூபை முக்கிப் பஞ்சர் பார்ப்பார்கள். நோட்டில் பேரும் நேரமும் எழுதி மணிக்கணக்கில் வாடகை. பையன்கள் குரங்குப் பெடல் போட்டு ஓட்டுவார்கள். பெண்பிள்ளைகள் கேரியரில் ஒரு பக்கமாக உட்கார்ந்து வருவோம், அவ்வளவுதான்.

1991-இல் அறிவொளி இயக்கம் வந்தது. அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளும் கற்றுக்கொடுப்பது என்று முடிவானது. படிப்புச் சொல்லித்தர ஊர் ஊராகப் போக வேண்டிய பெண்களுக்கு வண்டி வேண்டும், கற்றுக்கொள்கிற பெண்களுக்குத் தைரியம் வேண்டும். இரண்டுக்கும் ஒரே மருந்து சைக்கிள். கூலி வேலை பார்க்கிற பெண்கள், கல் உடைக்கிற பெண்கள், அங்கன்வாடி ஊழியர், ஆசிரியைகள் என்று எல்லாரும் சாயங்காலத்தில் களத்திலும் பொட்டலிலும் விழுந்து எழுந்து கற்றுக்கொண்டார்கள். 1992 மகளிர் தினத்தன்று கைப்பிடியில் கொடி கட்டி, மணி அடித்துக்கொண்டு 1,500-க்கு மேற்பட்ட பெண்கள் புதுக்கோட்டைத் தெருக்களில் சைக்கிளில் போனார்கள். ஊரே வாசலில் வந்து நின்று பார்த்தது.

பத்திரிகையாளர் பி.சாய்நாத் இங்கே வந்து பார்த்து எழுதினார். கிராமப்புறத்தில் ஒரு லட்சத்துக்கு மேல் பெண்கள் சைக்கிள் கற்றதாக அவர் கணக்குச் சொல்கிறார். ஒரே வருஷத்தில் லேடீஸ் சைக்கிள் விற்பனை மூன்று மடங்குக்கு மேல் கூடியதாக ஒரு கடைக்காரர் அவரிடம் சொல்லியிருக்கிறார். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் பெண்கள் ஆண்கள் ஓட்டுகிற பார் வண்டியையே வாங்கினார்கள். சிலருக்கு அதுதான் பிடித்தது, முன்னால் பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாம் அல்லவா? வடநாட்டுப் பிள்ளைகள் எட்டாம் வகுப்பு இந்திப் பாடப் புத்தகத்தில் இந்தக் கட்டுரையைப் படித்தார்கள். நம்ம பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

சைக்கிள் வந்ததும் கடைத்தெருவே மாறியது. பஸ்ஸுக்குக் காத்து நிற்காமல் காய்கறியைக் கொண்டுபோய் விற்றுவிட்டு, பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வருவதற்குள் வீடு திரும்ப முடிந்தது. தண்ணிக் குடத்தைக் கேரியரில் கட்ட முடிந்தது. முக்கியமாக, வாடகை நோட்டில் முதல் முறையாகப் பெண்களின் பெயர் ஏறியது. மளிகைக் கடைப் பற்று வீட்டுக்காரர் பெயரில், சைக்கிள் கடை நோட்டு நம்ம பெயரில். அதில் கையெழுத்தும் நாமே போட்டோம், புதுசாகக் கற்ற எழுத்தில்.

இதே காலத்தில்தான் கல்குவாரிகளைப் பெண்கள் குழுக்களுக்கே குத்தகைக்கு விட்டார்கள். 1992-இல் நபார்டு வங்கி நாடு முழுக்க 500 குழுக்களோடு வங்கிக் கடன் இணைப்பை ஆரம்பித்தது. 1997-98-இலிருந்து மகளிர் திட்டம் படிப்படியாகத் தமிழ்நாடு முழுவதும் பரவியது. குழு என்பது திடீரென்று வானத்திலிருந்து விழவில்லை. கரிக்கோட்டுக் கணக்கும், அறிவொளி எழுத்தும், வாடகை சைக்கிளும் நம்மை அதற்குத் தயார் பண்ணி வைத்திருந்தன.

போனதும் வந்ததும்

இன்றைக்கு வாடகை சைக்கிள் கடையைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். காரணம் ஒன்றல்ல. டிவிஎஸ் 50 வந்தது, மினி பஸ் வந்தது, ஷேர் ஆட்டோ வந்தது. 2001-இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்குத் தொடங்கிய விலையில்லா சைக்கிள் திட்டம் பிறகு எல்லாப் பிளஸ் ஒன் மாணவ மாணவியருக்கும் விரிந்தது. வீட்டுக்கு ஒரு சைக்கிள் வந்த பிறகு வாடகைக்கு யார் எடுப்பார்கள்? அந்தக் கடை தோற்றுப்போய் மூடவில்லை. அதன் வேலை முடிந்து மூடியது என்றுதான் நான் சொல்வேன்.

எஸ்டிடி பூத்தும் அப்படித்தான். கண்ணாடிக் கூண்டு, சிவப்பு எழுத்தில் ஓடுகிற ரூபாய்க் கணக்கு. பெண்கள் தைரியமாக உட்கார்ந்து நடத்திய முதல் கடைகளில் அதுவும் ஒன்று. வெளிநாட்டில் இருக்கிற வீட்டுக்காரரிடம் பேச வந்த எத்தனையோ பேர் அழுததை அந்தப் பூத்துக்கார அக்காமார் கேட்டும் கேளாதது போல இருந்திருக்கிறார்கள். கைபேசி வந்ததும் அதுவும் போனது.

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் அடித்தபோது, ஆலங்குடி, வடகாடு, கீரமங்கலம் பக்கம் தென்னையும் பலாவும் வேரோடு சாய்ந்தன. ரோட்டோரக் கடைகளின் கீற்றும் தகரமும் பறந்தன. மின்சாரம் இல்லாத அந்த நாட்களில் விறகு அடுப்பில் டீ போட்டுக் கொடுத்தவர்களில் நம்ம குழுப் பெண்கள் எத்தனையோ பேர். புயல் அன்று கடை என்பது வியாபாரம் மட்டும் இல்லை என்று தெரிந்தது.

2021 மே மாதத்திலிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. இப்போது தனியாக டவுனுக்கு வந்து, டீக்கடையில் "ஒரு டீ, சக்கரை கம்மியா" என்று சொல்லிப் பெஞ்சில் உட்காருகிற பெண்களைப் பார்க்கிறேன். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பள்ளிக்கூடங்களில் காலை உணவு சமைப்பது நம்ம பெண்கள். மதி அங்காடியில் விற்பதும் நம்ம பெண்கள். 2024-இல் நம்ம நகராட்சி மாநகராட்சியானது. முதல் மேயரும் ஒரு பெண்தான்.

இப்போது நாம் செய்ய வேண்டியது

ஊர் பெரிதாகிறது. பெரிய சூப்பர் மார்க்கெட்டுகள் வருகின்றன. அங்கே நாமே எடுத்துக் கூடையில் போடலாம், விலை அச்சடித்திருக்கும், யாரும் தள்ளி நிற்கச் சொல்ல மாட்டார்கள். அது நல்லதே. ஆனால் அங்கே பற்று நோட்டு கிடையாது. கண்மாய் வற்றிய வருஷத்தில் என்ன செய்வது? அந்த இடத்தில்தான் வாரக் கடன் ஆட்களும் கைபேசிக் கடன் ஆப்புகளும் நுழைந்திருக்கிறார்கள். பழைய மளிகைக் கடைக்காரருக்கு முகம் தெரியும், இவர்களுக்கு நம்பர்தான் தெரியும். வாசலில் வந்து மிரட்டி வசூல் செய்வதைத் தடுக்க 2025-இல் தமிழ்நாடு அரசு சட்டமே கொண்டுவர வேண்டி வந்தது. பற்று நோட்டின் நல்ல பக்கத்தை, அதாவது முகம் பார்த்துக் கைகொடுக்கிற பழக்கத்தை, எடுத்துக்கொண்டு, அதன் கெட்ட பக்கத்தை விட்டுவிட்ட ஒரு நோட்டு நம்மிடம் இருக்கிறது. அதுதான் நம்ம குழுவின் கணக்கு நோட்டு. அதில் எல்லார் பெயரும் இருக்கிறது, எல்லாராலும் படிக்க முடியும், தப்பு இருந்தால் கூட்டத்தில் எழுந்து கேட்க முடியும். அவசரத்துக்கு ஒரு சகோதரி வெளியே கடன் தேடிப் போவதற்கு முன்னால், அந்த நோட்டைத் திறக்க வேண்டியது நம்ம பொறுப்பு.

இன்னொரு வேண்டுகோள். ஒவ்வொரு ஊராட்சிக் கூட்டமைப்பும் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். உங்கள் ஊரில் இருந்த பழைய கடைகளின் பெயர், எந்த இடம், என்ன விற்றது, யார் உள்ளே உட்கார்ந்தார்கள், யார் வெளியே நின்றார்கள், பெண்கள் நடத்திய முதல் கடை எது என்று எழுதி வையுங்கள். அம்மாயி, அப்பத்தா இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள். அறிவொளியில் சைக்கிள் கற்றவர்களுக்கு இப்போது அறுபது, எழுபது வயதாகிறது. முழங்கால் வலி வந்துவிட்டது, ஆனா கதை சொல்லச் சொன்னால் எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள்.

அரண்மனைக் கதையைக் கல்வெட்டு காப்பாற்றும். கடைக் கதையை நம்ம நோட்டுத்தான் காப்பாற்ற வேண்டும். அடுத்த மாதக் கூட்டத்தில், சேமிப்பு, கடன், தவணை எல்லாம் பேசி முடித்த பிறகு, இதையும் ஒரு தீர்மானமாக எழுதிக் கையெழுத்துப் போடுவோம்.